புரோட்டோன் இஸ்வாரா காடியின் லோவர் ஆர்ம் புஷ்: வலப் பக்கம் முடிந்தது

செம்பனை லாரிகள் ஓடி ஓடிக் குழி விழுந்த செம்மண் சாலை வழியாகத்தான் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். மூன்று மாதமாக என் காடியின் (காரின்) முன்பக்கம் 'கடக், கடக்' என்று சத்தம், பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுவை. தூக்கி வைத்து, முன் சக்கரத்தைக் காடியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோவர் ஆர்மைக் கடப்பாரையால் நெம்பிப் பார்த்தேன். அது சட்டத்தில் சேரும் இடத்தில் உள்ள புஷ்ஷின் (இரண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவே ரப்பர் வைத்த சாமான்) ரப்பர் கிழிந்து, நடுவில் உள்ள இரும்புக் குழாய் தனியாக ஆடியது.

தூக்குவதே இங்கே ஒரு வேலை, மழை பெய்த மண்ணில் ஜேக் இறங்கிவிடும். பழைய சிலிப்பர் கட்டை ஒன்றைக் கீழே போட்டு, காடியை ஸ்டாண்டில் நிறுத்திய பிறகுதான் அடியில் கை வைத்தேன். ஆர்மைச் சக்கரப் பக்கம் இணைக்கும் பால் ஜாயிண்ட்டை (உருண்டை மூட்டை) இழுத்துக் கழற்றும் புல்லர் என்னிடம் இல்லை. நட்டை நுனிவரை தளர்த்தி விட்டுவிட்டு, அது உட்கார்ந்திருக்கும் கண்ணின் இரண்டு பக்கமும் இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் அடித்தேன், நாலாவது அடியில் விட்டது.

சுங்கை சிப்புட் கடையில், இன்னொரு புரோட்டோன் மாடலான வீராவின் புஷ்ஷைக் கொடுத்துவிட்டார்கள், அளவு சேரவில்லை. சரி என்று ஆர்மையே மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஈப்போவுக்குப் போனேன். போத்தோங் கடையில் (பழைய காடிகளைப் பிரித்துச் சாமான் விற்கும் கடை) முழு ஆர்மே மலிவாகக் கிடைத்தது, ஆனால் ரப்பர் சாமானை அங்கே நான் வாங்க மாட்டேன், ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் வெடிக்கும். பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடைத் தவுக்கே (முதலாளி) ஆர்மைக் கையில் வாங்கிப் பார்த்து, "சாகா, இஸ்வாரா, ஒரே சாமான்தான் தம்பி" என்று இரண்டு புஷ் எடுத்து வைத்தார்.

பழையதை எடுக்க ரப்பரைத் துளை போட்டுக் குடைந்து, ரம்ப பிளேடை உள்ளே விட்டு வெளிக் குழாயை மட்டும் ஒரு கோடாக அறுத்தேன். ஆர்மில் பிளேடு படாமல் அறுக்க ஒரு மணி நேரம் ஆனது. புதியதை ஏற்ற பிரஸ் வேண்டுமே! தோட்டத்துப் பழைய தண்ணீர்க் குழாயிலிருந்து 2 அங்குல ஜிஐ பைப்பில் ஒரு துண்டு, ஒரு பெரிய சாக்கெட், தடித்த வாஷர்கள், நீளமான போல்ட் ஒன்று, இவ்வளவுதான். முதலில் போட்ட சாதாரண போல்ட்டின் மரை உருண்டுவிட்டது, அப்புறம் ஆலையில் வெல்டிங் செய்யும் அண்ணன் 8.8 என்று தலையில் உறுதிக் குறி பொறித்த 12 மில்லி போல்ட் கொடுத்தார். மரையில் கிரீஸ் தடவி, சாக்கெட் புஷ்ஷின் வெளிக் குழாயில் மட்டும் உட்காரும்படி வைத்து, கால் சுற்று கால் சுற்றாக முறுக்கினேன். கோணலாகப் போனால் உடனே நிறுத்தித் திருப்பி எடுக்க வேண்டும்.

போன வருடம் இடப் பக்கம் மாற்றியபோது, சக்கரம் தொங்கும்போதே ஆர்ம் போல்ட்டை இறுக்கிவிட்டேன். காடி இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று, ஆறு மாதத்தில் கிழிந்தது. இந்த முறை சக்கரத்தைப் பூட்டி, எடை முழுவதும் தரையில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கு.

வலப் பக்கச் சத்தம் நின்றுவிட்டது. மற்ற புஷ் அலமாரியில் இருக்கிறது. மழை விட்டால் இந்த ஞாயிறு இடப் பக்கம், அதன் பிறகுதான் சக்கர அலைன்மென்ட்.