குழாய் உடைந்தது மண்ணுக்குள், பில் வந்தது எங்கள் பெயரில்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் தண்ணீர்க் கணக்கு உரிமையாளர் பெயரில் இருக்கிறது. அவருடைய ஏஜென்ட் மாதாமாதம் பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்புவார், நாங்கள் வாடகையோடு சேர்த்துக் கட்டிவிடுவோம். வழக்கமாக 15 கிலோலிட்டர் (ஒரு கிலோலிட்டர் என்றால் ஆயிரம் லிட்டர்), 640 ராண்டை ஒட்டி வரும். போன குளிர்காலத்தில் ஒரு பில் 61 கிலோலிட்டர், 4,210 ராண்ட் என்று வந்தது. கீழே ஏஜென்ட் ஒரு வரி எழுதியிருந்தார்: லீஸ்படி (வாடகை ஒப்பந்தப்படி) தண்ணீர்ச் செலவு குடியிருப்பவர் பொறுப்பு, வெள்ளிக்கிழமைக்குள் கட்டவும்.

இதே மாதிரி பில்லை வாங்கிக்கொண்டு, சண்டை வேண்டாம் என்று கடன் வாங்கிக் கட்டிய நம்மூர்க் குடும்பங்களை எனக்குத் தெரியும். அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

முதல் வேலை மீட்டர். வாசல் கேட்டுக்கு வெளியே நடைபாதையில் ஒரு மூடிக்குக் கீழே இருக்கும். திறந்தால் பாதி மண், பாதி எறும்பு. துணியால் துடைத்துப் பார்த்தால் எண்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முக்கோணச் சக்கரம் தெரியும். துளி தண்ணீர் ஓடினாலும் அது சுற்றும். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடி, டாய்லெட் தொட்டிக்குப் போகும் வால்வையும் திருகிவிட்டுப் போய்ப் பார்த்தேன். சக்கரம் நிதானமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது.

அப்புறம் வீட்டுச் சுவரை ஒட்டி இருக்கும் ஸ்டாப்காக்கை, அதாவது வீட்டுக்குள் போகும் தண்ணீரை நிறுத்தும் வால்வை, மூடினேன். இதுதான் முக்கியமான சோதனை. ஸ்டாப்காக்கை மூடியதும் மீட்டர் நின்றுவிட்டால் ஒழுகல் வீட்டுக்குள்ளே, கீசரிலோ டாய்லெட்டிலோ இருக்கிறது. நிற்காமல் சுற்றினால் மீட்டருக்கும் வீட்டுக்கும் நடுவில், மண்ணுக்குள் போகும் குழாயில் இருக்கிறது. எங்களுக்கு நிற்கவில்லை.

அன்று இரவு 11 மணிக்கு மீட்டரைப் படம் எடுத்தேன். காலை 5 மணிக்கு யாரும் எழுந்திருக்கும் முன் மறுபடி எடுத்தேன். அந்த ஆறு மணி நேரத்தில் 380 லிட்டர் போயிருந்தது. நாளுக்கு 1,520 லிட்டர், 30 நாளுக்குக் கிட்டத்தட்ட 46 கிலோலிட்டர். எங்கள் வழக்கமான 15ஐக் கூட்டினால் 61. பில்லில் இருந்த எண்ணேதான். வாய்ப்பேச்சில் யாரும் மசியாத இடத்தில் இந்தக் கணக்கும் இரண்டு படங்களும்தான் எங்களுக்குக் கை கொடுத்தன.

படங்களை வைத்து அன்றைக்கே ஏஜென்ட்டுக்கு ஈமெயில் அனுப்பினேன். போனில் சொன்னால் போதாது. நிலத்தடிக் குழாய் ஒழுகுவதைக் குடியிருப்பவர் கண்ணால் பார்க்க முடியாது, ஆனால் தெரிந்த பிறகு சொல்லாமல் இருந்தால் அதற்கு மேல் ஓடும் தண்ணீர் நம் தலையில்தான் விழும். அது நியாயமும்கூட. டாய்லெட் தொட்டி இரவும் பகலும் ஓடும் சத்தம் கேட்டும் மாதக்கணக்கில் சொல்லாதவர் உரிமையாளரிடம் போய்ப் பணம் கேட்க முடியாது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? மீட்டர் வரைக்கும் குழாய் நகராட்சியுடையது. மீட்டரைத் தாண்டினால் சொத்தின் உரிமையாளருடையது. வீட்டைக் குடியிருக்கத் தக்க நிலையில் பராமரிப்பது தென்னாப்பிரிக்கச் சட்டப்படி வாடகைக்கு விடுபவரின் கடமை. குடியிருப்பவர் தான் பயன்படுத்திய தண்ணீருக்கும் தான் உடைத்த பொருளுக்கும் பொறுப்பு. எங்கள் லீஸில் இருந்ததும் ‘பயன்படுத்தும் தண்ணீர்’ என்றுதான். மண்ணுக்குள் போன 46 கிலோலிட்டரை நாங்கள் பயன்படுத்தவில்லை.

உரிமையாளர் ஓய்வூதியத்தில் வாழும் பெரியவர். ‘தம்பி’ என்று கூப்பிடும் அளவுக்குத் தமிழ், மற்றதெல்லாம் ஆங்கிலம். அவரே போன் செய்தார். “நான் அந்த வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேனா தம்பி, நான் ஏன் கட்ட வேண்டும்?” என்று கேட்டார். “அங்கிள், நாங்களும் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. பிளம்பரை மட்டும் சீக்கிரம் அனுப்புங்கள், பணத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம்” என்றேன். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு பக்கமும் ஒழுங்காக விளக்கியிருக்க வேண்டிய ஏஜென்ட் மேல்தான் வந்தது.

பிளம்பர் வந்து முன்வாசல் புல்தரையைத் தோண்டினார். முழங்கால் ஆழத்தில் கால்வனைஸ்டு இரும்புக் குழாய். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் விரட்டப்பட்ட இந்தியர்களுக்காக 1960களில் எழுப்பிய வீடுகளில் ஒன்று இது. குழாயும் அந்தக் காலத்தது. அவர் அறுத்து எடுத்த துண்டை வாங்கிப் பார்த்தேன். உள்பக்கம் துரு ஏறி, கட்டைவிரல் நுழையாத அளவுக்கு அடைத்திருந்தது. அடிப்பக்கத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் தண்ணீர் நின்று நின்று வருவது சகஜமாகிவிட்டது. திரும்ப வரும்போது அடிக்கும் அழுத்தத்தைப் பழைய இரும்பு தாங்காது என்றார். அவரிடம் கேட்டு பில்லிலேயே இரண்டு வரி எழுதி வாங்கினேன்: ஒழுகல் இருந்த இடம், காரணம் பழமையால் வந்த துரு. எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். பிளம்பர் போன பிறகு பள்ளத்தை மூடிவிடுவார்கள், சாட்சி அதோடு போய்விடும்.

குழாய் மாற்றிய செலவை உரிமையாளர் மறுபேச்சில்லாமல் கொடுத்தார். தகராறு ஓடிப்போன தண்ணீருக்குத்தான். அவருடைய இன்ஷூரன்ஸ் தேய்மானம் என்று கையை விரித்தது. ஏஜென்ட் முதலில் பாதிப் பாதி என்றார். பிறகு 4,210ஐ 61ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி, 1,035 ராண்ட் கட்டுங்கள் என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் தெரியும். ஆனால் இங்கே தண்ணீர் விலை படிப்படியாக ஏறும். குறைவாகப் பயன்படுத்தினால் கிலோலிட்டருக்கு விலை குறைவு, மேலே போகப் போகக் கூடும். எங்கள் 15 கிலோலிட்டர் கீழ்ப்படிகளில் இருப்பது. விலையை உச்சிக்கு ஏற்றியது ஒழுகிய தண்ணீர்தான். சராசரி போட்டால் அந்த உச்சி விலையில் ஒரு பங்கை எங்கள் சமையலறைத் தண்ணீர் மேலும் ஏற்றிவிடுகிறார்கள். பழைய பில்களை வைத்து 15 கிலோலிட்டருக்கு என்ன வருமோ அதைக் கட்டுகிறேன், மீதி ஒழுகல் கணக்கு என்று எழுதி, 640ஐ வாடகையோடு கட்டினேன்.

வாடகையை நிறுத்திவை, தானாக வழிக்கு வருவார்கள் என்று பக்கத்து வீட்டு ஆன்டி சொன்னார். அக்கறையில் சொன்னதுதான், ஆனால் ஆபத்தான யோசனை. வாடகை நின்றால் லீஸை மீறியவர் நாமாகிவிடுவோம், பேச்சே அங்கே போய்விடும்.

ஏஜென்ட் கடைசியாக அட்வான்ஸில் கழித்துக்கொள்வோம் என்றார். அதன் பிறகுதான் ரென்டல் ஹவுசிங் ட்ரிப்யூனலுக்குப் போனோம். 1999இன் ரென்டல் ஹவுசிங் சட்டப்படி, வாடகைத் தகராறுகளைத் தீர்க்க மாகாணந்தோறும் உள்ள அமைப்பு. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். லீஸ், அடையாள அட்டை, வாடகை கட்டிய ரசீதுகள், மீட்டர் படங்கள், பிளம்பர் பில், ஈமெயில்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கிப் படிவத்தோடு கொடுத்தேன். புகார் கொடுத்த நாளிலிருந்து தீர்ப்பு வரும் வரை, அல்லது மூன்று மாதம் வரை, இதில் எது முந்தியோ அதுவரை உரிமையாளர் நம்மை வெளியேற்ற முடியாது, தேவையான பராமரிப்பையும் செய்ய வேண்டும். நாம் வாடகையைத் தவறாமல் கட்ட வேண்டும். அட்வான்ஸும் அவர்கள் இஷ்டத்துக்குக் கழிக்கக் கூடியதல்ல. வட்டி வரும் கணக்கில் வைத்திருக்க வேண்டும், பழுதுக்குக் கழித்தால் ரசீது காட்ட வேண்டும்.

சமரசப் பேச்சுக்கு அழைத்தார்கள். பெரியவர் தன் மகளோடு வந்திருந்தார். மகள் மீட்டர் படங்களையும் பிளம்பர் எழுதியதையும் நிதானமாகப் படித்தார். ‘அப்பா, இது நம்ம குழாய்’ என்று ஆங்கிலத்தில் சொன்னார். அதற்குப் பிறகு நேரம் ஆகவில்லை. ஒழுகிய தண்ணீர் முழுவதும் உரிமையாளர் கணக்கு, அடுத்த பில்லில் வந்த மிச்சமும் சேர்த்து. அட்வான்ஸில் கை வைப்பதில்லை. ஒரே தவணையில் அவரால் கட்ட முடியாது என்பதால் நகராட்சியிடம் தவணை கேட்பதற்கு நான்தான் கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

லீஸைப் புதுப்பிக்கும்போது ஒரு வரி சேர்க்கச் சொன்னோம், சேர்த்தார்கள்: ஒழுகல் தெரிந்ததும் குடியிருப்பவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அவர் கவனக்குறைவால் வராத ஒழுகலில் வழக்கமான அளவுக்கு மேல் போகும் தண்ணீர் உரிமையாளர் பொறுப்பு. இப்போது மாதம் பிறந்ததும் மீட்டரைப் படம் எடுத்து ஏஜென்ட்டுக்கும் பெரியவருடைய மகளுக்கும் அனுப்பிவிடுகிறேன்.