வேலை இருக்குமா, சார்?

தமிழ்நாட்டுத் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றின் வேலைவாய்ப்புப் பிரிவில் பணியாற்றுகிறேன். எந்த நிறுவனம் வளாகத் தேர்வுக்கு வருகிறது, அரியர் இருந்தால் எழுத விடுவார்களா என்று கேட்டுக்கொண்டிருந்த மாணவர்கள், 2022 நவம்பரில் சாட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவி வெளிவந்த பிறகு, "நாங்கள் படித்து முடிக்கும்போது வேலை இருக்குமா, சார்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். 2025 ஜூலையில் டிசிஎஸ் மென்பொருள் நிறுவனம் ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலைகளில் இருப்பவர்கள் என்றும் செயற்கை நுண்ணறிவு அதற்குக் காரணமன்று என்றும் நிறுவனமே விளக்கிய பிறகும், மாணவர்களின் கலக்கம் தணியவில்லை.

அந்தக் கலக்கத்தை வீண்பயம் என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. சோதனை செய்வது, சிறு பிழைகளைத் திருத்துவது, ஆவணம் எழுதுவது என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் தொழில் கற்றுக்கொண்ட வேலைகளைத்தான் இந்தக் கருவிகள் முதலில் கையில் எடுத்திருக்கின்றன. கல்விக்கடன் வாங்கிப் படிக்கும் முதல் பட்டதாரிக்கு இது வெறும் செய்தியன்று, குடும்பத்தின் கணக்கு.

ஆனால் மாதிரி நேர்காணல்களில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது வேறொன்று. பாலக்கோடு பக்கத்திலிருந்து வந்த மாணவி ஒருவர், தக்காளி இலையின் படத்தைக் கொண்டு நோயைக் கண்டறியும் திட்டப்பணியைக் காட்டினார். துல்லியம் மிக உயர்வாக இருந்தது. நிரலின் பெரும்பகுதியைக் கருவி எழுதித் தந்திருந்தது. ஊருக்குப் போகும்போது தோட்டத்து இலைகளைக் கைபேசியில் படமெடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்றேன். பாதிக்கு மேல் தவறாக வந்தது. பலரும் பயன்படுத்தும், பல பயிர்களின் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இலைப் படங்கள் அடங்கிய பிளான்ட்வில்லேஜ் தொகுப்பைக் கொண்டே அவர் பயிற்சி அளித்திருந்தார். அவற்றில் பறித்த இலை வெற்றுப் பின்புலத்தில் தனியாகக் கிடக்கும், தோட்டத்திலோ மண்ணும் நிழலும் ஒன்றன்மேல் ஒன்றாக இலைகளும் இருக்கும். இந்த வேறுபாட்டை அவரே கண்டுபிடித்து, அடுத்த நேர்காணலில் தயக்கமின்றி விளக்கினார். மனப்பாடம் செய்த விடைகளில் நான் கேட்டிராத உறுதி அந்தக் குரலில் இருந்தது.

திட்டப்பணி ஒவ்வொன்றும் மாணவர் தாமே திரட்டிய தரவில் ஒருமுறையேனும் சோதிக்கப்பட வேண்டும் என்று துறைத்தலைவர்களிடம் கேட்டிருக்கிறேன். இறுதிப் பருவத்தில் அதற்கு நேரம் போதாது என்கிறார்கள். அது நியாயமான தடைதான். ஆகவே மூன்றாமாண்டிலேயே தரவு திரட்டத் தொடங்கலாமா என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்.