தண்ணீர் விடாத பட்டர்நட் கேஸரோல்: இலையுதிர்கால நாட்குறிப்பு

செப்டம்பர் 27, 2025, சனி

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலப் பண்ணைக் கடைகளில் குளிர்காலப் பூசணிகள் வந்து இறங்கிவிட்டன. பெயரைக் கேட்டு இவை குளிர்காலத்தில் காய்ப்பவை என்று நினைக்க வேண்டாம். கோடையில் காய்த்து, தோல் முற்றி, குளிர்காலம் முழுக்க இருப்பு வைக்கத் தாங்குபவை. நவம்பர் 27 அன்று அமெரிக்காவின் நன்றி சொல்லும் விருந்து நாளான தேங்க்ஸ்கிவிங். அதற்குள் ஒரு நல்ல பூசணி கேஸரோலின், அதாவது காயையும் சாஸையும் ஒரே தட்டில் சேர்த்து ஓவனில் வேகவைக்கும் பண்டத்தின், கைப்பதத்தைப் பிடித்துவிட வேண்டும்.

இந்தப் பண்டம் கெடுவதற்குத் தொண்ணூறு சதவீதம் ஒரே காரணம்தான்: தண்ணீர். நான் எடுப்பது பட்டர்நட் என்ற குளிர்காலப் பூசணி வகை. வேகாத பட்டர்நட்டின் எடையில் ஏறக்குறைய 86 சதவீதம் நீர். அதை வெளியேற்றாமல் சாஸோடு சேர்த்து ஓவனில் வைத்தால், வெந்து முடிக்கும்போது தட்டின் அடியில் மஞ்சள் நீர் தேங்கும், மேலே தூவிய ரொட்டித்தூள் ஊறிப்போகும். அதனால் இந்தக் குறிப்புகள் முழுக்க அந்த நீரைத் துரத்துவது பற்றித்தான்.

முதலில் காய். கேஸரோலுக்குப் பட்டர்நட்டை மிஞ்ச எதுவுமில்லை. கழுத்து நீளமாக, தடியாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். கழுத்துப் பகுதி முழுக்கக் கெட்டியான சதை, விதைக்குழி கிடையாது. கீழே உருண்டிருக்கும் குடப்பகுதியில் நாரும் ஈரமும் அதிகம். தோல் பளபளக்காமல் மங்கலாக, ஒரே பழுப்பு மஞ்சளாக இருக்க வேண்டும். பச்சைக் கோடு தெரிந்தால் முற்றவில்லை. நகத்தால் அழுத்தினால் தோல் இறங்கக்கூடாது. காம்பு காய்ந்து ஒட்டியிருக்க வேண்டும், காம்பு போன காய் அந்த இடத்தில்தான் முதலில் அழுகும்.

அக்டோபர் 4, சனி

பறித்த உடனே சமைத்தால் பட்டர்நட் சப்பென்று இருக்கும். அப்போது அதில் மாவுச்சத்துதான் அதிகம். இருப்பில் சில வாரம் கிடக்கும்போது மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இனிப்பு ஏறுகிறது. தோட்டத்தில் விளைவிப்பவர்கள் கடும் உறைபனிக்கு முன், இரண்டு மூன்று செ.மீ. காம்போடு வெட்டி, காற்றோட்டமான இடத்தில் 27 முதல் 29 டிகிரி செல்சியஸில் பத்து நாள் ஆறவிடுகிறார்கள். தோல் இறுகி, கீறல்கள் ஆறிவிடும். பிறகு 10 முதல் 13 டிகிரியில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் தாங்கும்.

குளிர்சாதனப் பெட்டியில் முழுக்காயை வைக்கவே கூடாது. 10 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் இருந்தால் சதையில் குளிர்ச்சேதம் வந்து நீர்க்கோத்த மாதிரி ஆகிவிடும். நிலவறை இருந்தால் அட்டை விரித்து, காயும் காயும் முட்டாமல் அடுக்குங்கள்.

அக்டோபர் 11, சனி

இன்று வெட்டும் வேலை. இரண்டு காய், மொத்தம் 2.1 கிலோ. கனமான கத்தியால் முதலில் மேலும் கீழும் ஒரு செ.மீ. சீவித் தட்டையாக்கினால் காய் பலகையில் ஆடாமல் நிற்கும். அடுத்து கழுத்தும் குடமும் சேரும் இடத்தில் குறுக்கே ஒரே வெட்டு. முழுக்காயாக வைத்து நீளவாக்கில் பிளக்கப் போனால் கத்தி வழுக்கிக் கையில் இறங்கும். தோல் ரொம்பக் கடினமாக இருந்தால் நாலைந்து இடத்தில் குத்திவிட்டு மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வைத்தால் இளகும்.

தோல் சீவுவதில் பலர் அவசரப்படுகிறார்கள். பழுப்புத் தோலை எடுத்ததும் கீழே வெளிறிய ஒரு படலமும் அதில் மெல்லிய பச்சை இழைகளும் தெரியும். அதையும் சீவ வேண்டும், ஆரஞ்சு நிறம் சீராகத் தெரியும்வரை. விட்டுவைத்தால் எவ்வளவு வெந்தாலும் அந்த இடம் நறநறவென்று பல்லில் படும்.

சீவிய பரப்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் ஊசிமுனை அளவு துளிகள் வரிசையாகத் துளிர்க்கும். அந்தப் பால் கையில் காய்ந்தால் தோல் இறுகி, மெழுகு பூசியது போலாகி, பிறகு உரியவும் செய்யும். சிலருக்கு அரிக்கும். பலாப்பழம் அரியும்போது செய்வது போலக் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளலாம், கையுறை இருந்தால் இன்னும் நல்லது.

துண்டுகள் 2.5 செ.மீ. கனசதுரம். தோலும் விதையும் போக 1.7 கிலோ கிடைத்தது. நறுக்கியதும் ஒரு துண்டைப் பச்சையாக நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் மொத்தக் காயையும் வீசிவிடுங்கள். குக்கர்பிடசின் என்ற நச்சுப்பொருளின் கசப்பு அது. சமைத்தாலும் போகாது, வயிற்றைக் கடுமையாகப் பாதிக்கும். வீட்டில் எடுத்துவைத்த விதையில் முளைத்த பூசணியில் இந்த ஆபத்து அதிகம்.

அக்டோபர் 18, சனி

இந்த நாள்தான் முக்கியம். ஒரே காயின் துண்டுகளைப் பாதி தண்ணீரில் வேகவைத்தும் பாதி ஓவனில் சுட்டும் பார்த்தால் வித்தியாசம் தராசிலேயே தெரிந்துவிடும். வேகவைத்தது எடை குறைவதில்லை, தொட்டால் குழைகிறது. சுட்டது தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழக்கிறது. 1.7 கிலோ உள்ளே போனால் 1.15 கிலோ வெளியே வரும். அந்த அரைக் கிலோ நீர்தான் இல்லாவிட்டால் கேஸரோலின் அடியில் நிற்கும்.

சுடும் முறை: ஓவன் 220 டிகிரி செல்சியஸ், அமெரிக்க ஓவன்களில் 425 ஃபாரன்ஹீட். விசிறி ஓடும் ஓவனென்றால் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். 1.7 கிலோ துண்டுகளுக்கு மூன்று மேசைக்கரண்டி எண்ணெய், 8 கிராம் உப்பு, அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள். இரண்டு தட்டு கட்டாயம். ஒரே தட்டில் குவித்தால் துண்டுகள் ஒன்றின் ஆவியில் ஒன்று வேகும், சுடாது. துண்டுக்குத் துண்டு விரல் இடைவெளி இருக்கட்டும்.

பதினைந்தாவது நிமிடம் கதவைத் திறந்தால் முகத்தில் அடிப்பது போல ஆவி வெளியேறும். அது நல்ல அறிகுறி, கதவை ஒரு கணம் திறந்தே வையுங்கள், போகட்டும். அப்போது ஒருமுறை புரட்டிவிட்டு, தட்டுகளை மேல் கீழ் மாற்ற வேண்டும். இன்னும் 12 முதல் 15 நிமிடம் கழித்துத் திறக்கும்போது ஆவி மெலிந்திருக்கும், முன்பு முணுமுணுத்த தட்டு இப்போது சடசடவென்று பொரியும், துண்டுகளின் ஓரம் பழுப்பேறி மூலை சற்றே சுருங்கியிருக்கும். கத்தி இறங்க வேண்டும், ஆனால் துண்டு உடையக்கூடாது. அதுதான் பதம். வெளியே எடுத்ததும் மூடாமல் தட்டிலேயே 20 நிமிடம் ஆறவிடுங்கள். மூடினால் ஆவி நீராகித் திரும்பக் காயிலேயே இறங்கிவிடும்.

அக்டோபர் 25, சனி

மற்ற வகைகள் பற்றிச் சுருக்கமாக. ஏகார்ன் பூசணியின் முகடு முகடான தோலைச் சீவுவது வீண்பாடு. அதைப் பாதியாகப் பிளந்து சுடுவதோடு விட்டுவிடலாம். கபோச்சா பூசணிக்கு வறண்ட, கஷ்கொட்டை போன்ற சதை. மசித்துச் செய்யும் கேஸரோலுக்கு அருமை, ஆனால் சாஸில் பால் 100 மி.லி. கூட வேண்டும். உறையவைத்த துண்டுகளே கிடைத்தால் பனி இளகவிடாமல் அப்படியே 230 டிகிரியில் சுடுங்கள்.

நம் பரங்கிக்காயும் பட்டர்நட்டும் தாவரவியலில் ஒரே இனம், குக்கர்பிட்டா மொஸ்கேட்டா. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தது. இந்தியக் கடையில் கீற்றாக விற்கும் பரங்கியிலும் இதைச் செய்யலாம். அதில் நீர் கூடுதல், சுடும் நேரத்தில் பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது பரவலாக விளைவிக்கும் வால்தம் பட்டர்நட் இதே மாசசூசெட்ஸின் வால்தம் ஊரில் உருவான ரகம், 1970இல் ஆல்-அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் என்ற, புதிய ரகங்களுக்கான விருது பெற்றது. தடித்த நேரான கழுத்து அதன் சிறப்பு.

நவம்பர் 1, சனி

வெங்காயமும் சாஸும். இரண்டு பெரிய வெங்காயம், 300 கிராம், மெல்லியதாக நறுக்கி 20 கிராம் வெண்ணெயில் சிறுதீயில் 25 நிமிடம். இங்கேயும் நீர் சுண்ட வேண்டும். தேன் நிறம் வந்ததும் சேஜ் இலை எட்டைக் கிள்ளிப்போட்டு இறக்குங்கள். சேஜ் காட்டமான இலை, கைநிறையப் போட்டால் மருந்து வாடை அடிக்கும்.

சாஸுக்கு 45 கிராம் வெண்ணெயை உருக்கி, 30 கிராம் மைதாவைச் சேர்த்து இரண்டு நிமிடம் பச்சை வாசனை போக வறுக்க வேண்டும், நிறம் மாறக்கூடாது. வெதுவெதுப்பான முழுப்பால் 500 மி.லி. எடுத்து, முதல் 100 மி.லி.யை மட்டும் ஊற்றி விழுதாகக் கலக்கிவிட்டு மீதியை ஊற்றுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும். கொதி வந்தபின் மூன்று நான்கு நிமிடம் கிண்டினால் மாவின் பிடி முழுதாக வரும். கரண்டியின் பின்புறம் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும்.

அடுப்பை அணைத்த பிறகே சீஸ். செடார் 150 கிராம், க்ரூயேர் 50 கிராம், கைப்பிடி கைப்பிடியாக. கொதிக்கும் சாஸில் போட்டால் சீஸின் புரதம் இறுகி, நெய் பிரிந்து, மணல் மணலாகத் திரியும். நாள்பட்ட காட்டமான செடார் இன்னும் சீக்கிரம் திரியும், அதனால்தான் பாதியாவது இளசான செடார் இருக்க வேண்டும். பாக்கெட்டில் துருவி விற்பதில் ஒட்டாமலிருக்க மாவு தூவியிருக்கும். கட்டியாக வாங்கித் துருவினால் சாஸ் வழவழவென்று வரும். ஜாதிக்காய் நாலு உரசல், உப்பு ருசி பார்த்து.

நவம்பர் 8, சனி

முழு ஒத்திகை. 23க்கு 33 செ.மீ. தட்டு, மூன்று லிட்டர் கொள்ளும். உட்புறம் வெண்ணெய் தடவி, சுட்ட பூசணி, வெங்காயம், முக்கால் பங்கு சாஸ் மூன்றையும் அகலக் கரண்டியால் இரண்டே புரட்டு. அதற்குமேல் கிளறினால் துண்டு மசியும். மீதி சாஸ் மேலே.

தூவுவதற்கு: நேற்றைய ரொட்டியை உதிர்த்த பெருந்தூள் 100 கிராம், உருக்கிய வெண்ணெய் 40 கிராம், உடைத்த பெக்கான் பருப்பு 60 கிராம், பார்மசான் 30 கிராம். தூள் ஈரமணல் போலக் கையில் பிடிபட வேண்டும். வெண்ணெய் படாத தூள் சிவக்காது, காய்ந்து கருகும்.

190 டிகிரி செல்சியஸில், அதாவது 375 ஃபாரன்ஹீட்டில், மூடாமல் 30 முதல் 35 நிமிடம். ஓரங்களில் சாஸ் தளதளவென்று கொதித்து, நடுவே வெப்பமானி 74 டிகிரி காட்டினால் முடிந்தது. பிறகு 15 நிமிடம் தொடாமல் வைப்பதைத் தவிர்க்காதீர்கள். ஓவனிலிருந்து வந்ததும் சாஸ் ஓடும் நிலையில் இருக்கும், ஆறும்போதுதான் மாவு இறுகித் துண்டுகளைப் பிடிக்கும்.

நவம்பர் 15, சனி

தேங்க்ஸ்கிவிங் அன்று ஓவன் ஒன்று, வேலை பத்து. வான்கோழி 325 ஃபாரன்ஹீட்டில், 165 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது கேஸரோலையும் உள்ளே தள்ளலாம், ஆனால் அந்தச் சூட்டில் ரொட்டித்தூள் சிவக்காது. வழி இதுதான்: தூள் போடாமல், ஃபாயில் மூடி, கடைசி 40 நிமிடம் கோழியோடு சூடேறட்டும். கோழியை எடுத்து அரை மணி நேரம் ஆறவைக்கும்போது ஓவனை 200 டிகிரிக்கு ஏற்றி, ஃபாயிலை எடுத்துவிட்டுத் தூளைத் தூவி 15 முதல் 20 நிமிடம். தூள் போட்டபின் மூடக்கூடாது, ஃபாயிலில் திரளும் ஆவி சொட்டுச் சொட்டாகத் தூளின் மேலேயே விழும்.

நவம்பர் 26, புதன்

இன்றே பூசணி, வெங்காயம், சாஸ் எல்லாம் ஆறியபின் தட்டில் சேர்த்து மூடிக் குளிர்சாதனப் பெட்டியில். சாஸ் குளிரில் இறுகும் என்பதால் பால் 60 மி.லி. கூட. தூள் தனி டப்பாவில். நாளைக்கு ஓவனில் வைக்க ஒரு மணி நேரம் முன்பே தட்டு வெளியே வர வேண்டும். கண்ணாடித் தட்டைக் குளிரிலிருந்து நேரே சூடான ஓவனில் வைத்தால் வெடிக்கலாம். கண்ணாடித் தட்டை ஓவனின் மேல்தணலுக்கு (பிராய்லர்) அடியில் வைப்பதும் கூடாது. பீங்கான் தட்டானாலும் இந்த ஒரு மணி நேரத்தை விடாதீர்கள், இல்லையென்றால் ஓரம் கொதிக்கும்போது நடு சில்லென்றே இருக்கும்.

நவம்பர் 27, வியாழன்

மதியம் 1.20க்கு உள்ளே, 2.00க்கு ஃபாயில் நீக்கித் தூள், 2.20க்கு வெளியே, நடுவில் 76 டிகிரி. 2.35க்கு முதல் கரண்டி. தட்டின் மூலையைச் சாய்த்துப் பார்த்ததில் நீர் இல்லை, சாஸ் மட்டும் மெல்ல நகர்ந்தது.

நவம்பர் 29, சனி

மீதி கேஸரோல் பந்தி முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிரில் போக வேண்டும், மூன்று நான்கு நாளில் தீர்த்துவிட வேண்டும். சூடாக்குவது ஓவனில், 175 டிகிரி, நடுவே 74 வரும்வரை. முழுக் கேஸரோலை உறையவைத்தால் சாஸ் பிரிந்து நீர்விடும். உறையவைப்பதானால் சுட்ட துண்டுகளை மட்டும். மசித்த பூசணியை ஜாடியில் அடைத்து வீட்டில் பதப்படுத்த வேண்டாம், அந்த விழுதின் நடுவரை சூடு போய்ச் சேருமென்று நம்ப முடியாததால் அமெரிக்க வேளாண் துறை அதைப் பரிந்துரைப்பதில்லை.

நிலவறையில் இன்னும் நான்கு பட்டர்நட். ஒன்றின் காம்படி மெத்தென்று அழுந்துகிறது, அதுதான் நாளைக்குக் கத்திக்கு. மற்ற மூன்றையும் வாரம் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.