மொட்டை மாடியிலிருந்து மவுண்ட் ரோடு

பழைய கட்டடங்களை அளந்து வரைபடம் போடுவது என் வேலை. சேர்ந்த புதிதில் சென்னை மவுண்ட் ரோட்டில் ஒரு கட்டடத்துக்கு அனுப்பினார்கள். முகப்பின் வளைவுகளையும் தூண்களையும் மூன்று நாள் ஆசை ஆசையாக அளந்தேன். வரைபடத்தைப் பார்த்த மேஸ்திரி, "மேல ஏறிப் பாத்தீங்களா தம்பி? தண்ணி எந்தப் பக்கம் போவுதுன்னு போடலையே" என்றார். நான் ஏறவே இல்லை.

மறுநாள் அவரோடு ஏறினேன். மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் சாய்வரிசையாக நிறுத்தி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து நாள்கணக்கில் தட்டிப் போட்ட தளம். அத்தனை உழைப்பும் அப்படியே உறுதியாக இருந்தது, ஒரு மூலையைத் தவிர. அங்கே மழைநீர்க் குழாயின் வாயைச் சருகு அடைத்திருந்தது. கைப்பிடிச் சுவரில் ஓர் அரசங்கன்று. இறங்கிவந்து, அதே மூலைக்கு நேர் கீழே தேக்குக் கட்டையின் முனையை விரலால் அழுத்தினேன். டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உதிர்ந்தது.

அப்புறம் அந்தச் சாலையை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. 1904-இல் கட்டிய ஹிக்கின்பாதம்ஸில் இன்றும் புத்தகம் விற்கிறார்கள். அதைவிடச் சில வருடமே மூத்தது பாரத் இன்சூரன்ஸ் கட்டடம். ஜே. எச். ஸ்டீபன்ஸ் வடிவமைத்து 1897-இல் முடிந்தது. முதலில் ஸ்மித் மருந்துக் கம்பெனிக்கு உரியது. 2006-இல் இடிக்கத் தொடங்கியபோது பழைய கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போய்த் தடுத்தது. இடிப்பது நின்றது, சரி. ஆனால் ஆள் புழங்காத மாடியில் சருகை யார் அள்ளுவார்கள்? அந்த மினார்களைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வயது. ஒன்றில் தினமும் கதவு திறக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"பழசு, இனி தாங்காது" என்று யாராவது சொன்னால் நான் உடனே ஒப்புக்கொள்வதில்லை. ஏணி கேட்பேன். இப்போது என் முதல் தாள் மொட்டை மாடிதான். தண்ணீர் போகும் வழிக்கு நீல அம்புக்குறி போட்ட பிறகே முகப்புக்கு வருவேன்.