வீட்டுக் கணினியில் வயர்கார்ட்: மாட்டிக்கொள்ளும் இடங்கள்

வெளியிலிருந்து வீட்டுக் கணினிக்கு மறைகுறியாக்கிய தனிப்பாதை (விபிஎன்) போட்டுத் தரும் வயர்கார்ட் நிரலை நிறுவுவது பத்து நிமிட வேலை என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்கின்றன. நிறுவுவது பத்து நிமிடம்தான், அதில் பொய்யில்லை. 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6 முதல் அது லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே இருப்பதால் உபுண்டுவில் ஒரு சின்னப் பொதியை இறக்கினால் போதும். சாதனங்கள் ஒன்றையொன்று அடையாளம் காணும் சாவிகளை உருவாக்கி, இரண்டு கணினியிலும் அமைப்புக் கோப்பை எழுதி, இயக்கிவிட்டால் ‘ஓடுகிறது’ என்று காட்டும். ஆனால் ஒரு இணையப் பக்கமும் திறக்காது, ஒரு பிழைச்செய்தியும் வராது. சாவி பொருந்தாத பொட்டலம் (இணையத்தில் தரவு போகும் சிறு துண்டு) வந்தால் வயர்கார்ட் பதிலே சொல்லாது, பாதுகாப்புக்காக அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். பாராட்ட வேண்டிய விஷயம்தான், ஆனால் முதல்முறை அமைப்பவரை அது எப்படித் திணறடிக்கும் என்று நான் படித்த வழிகாட்டிகளில் ஒன்றுகூட ஒரு வரி எழுதவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் தேவை இதுதான். சிங்கப்பூர் தெம்பனிஸில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஒரு மேசைக் கணினி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். குடும்பப் படங்கள், அப்பா எடுத்து வைத்த பழைய தைப்பூசக் காணொளிகள், என் வேலைக் கோப்புகள் எல்லாம் அதில்தான். வெளியே இருக்கும்போது அவற்றை எடுக்க வேண்டும், பொது வைஃபையில் உட்கார்ந்தாலும் என் இணையப் போக்குவரத்து வீட்டு இணைப்பு வழியாகவே போக வேண்டும். இதற்கு இலவச விபிஎன் செயலி ஏதாவது போட்டுக்கொள்ளலாமே என்று சொல்லாதீர்கள். அதில் நம் போக்குவரத்து எல்லாம் யாரோ ஒருவருடைய சர்வர் வழியாகப் போகும். இங்கே சர்வரே நம் வீட்டில்தான், நிரலும் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய திறந்த மூலம். ஒன்று மட்டும் முதலிலேயே தெரிந்திருக்கட்டும்: இப்படி அமைத்தால் நீங்கள் வேறு நாட்டில் இருப்பதுபோலக் காட்டாது, வீட்டில் இருப்பதுபோலத்தான் காட்டும்.

முதல் முட்டுக்கட்டை ரௌட்டர். வயர்கார்ட் பயன்படுத்தும் யுடிபி என்ற அனுப்பு முறையில் 51820 என்ற போர்ட்டை (எண்ணிட்ட வாசல்) மேசைக் கணினிக்குத் திருப்பிவிட்டேன். மடிக்கணினியைக் கைப்பேசி டேட்டாவில் இணைத்து முயன்றால், வயர்கார்ட் காட்டும் கணக்கில் அனுப்பியது ஏறிக்கொண்டே போகிறது, பெற்றது பூஜ்யம். (வீட்டு வைஃபையிலேயே இருந்துகொண்டு சோதிக்காதீர்கள். பல ரௌட்டர்கள் உள்ளேயிருந்து தன் வெளி முகவரிக்கே திரும்பி வர விடாது, எல்லாம் சரியாக இருந்தாலும் தப்பு என்றே காட்டும்.)

இணைய நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு அழைத்தேன். நெடுநேரம் இசை கேட்ட பிறகு வந்தவர், விபிஎன் என்ற சொல்லைக் கேட்டதுமே அதெல்லாம் நாங்கள் ஆதரிப்பதில்லை என்றார். சரி, போர்ட் ஏன் உள்ளே வரவில்லை என்று மட்டும் பாருங்கள் என்றால், ரௌட்டரின் பின்னால் இருக்கும் சின்னத் துளையில் ஊசியைப் பத்து விநாடி அழுத்துங்கள், சரியாகிவிடும் என்றார். அழுத்தியதில் போர்ட் அமைப்பு, வைஃபை பெயர், கடவுச்சொல் எல்லாம் போயிற்று. வீட்டில் எல்லாருடைய கைப்பேசியும் தொலைக்காட்சியும் இணைப்பில்லாமல் நின்றன. வயர்கார்ட் நிலைமை மட்டும் அப்படியே இருந்தது. தயவுசெய்து, யார் சொன்னாலும் அமைப்பை ஒரு நகல் எடுத்து வைக்காமல் அந்தத் துளையைத் தொடாதீர்கள்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் எங்கள் புளோக்கிலேயே மேல் மாடியில் இருக்கும் அண்ணன் ஒருவர், நெட்வொர்க் வேலையில் இருப்பவர். கீழே காப்பிக்கடையில் பார்த்தபோது விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: “தம்பி, ரௌட்டருக்குள்ள வெளிப்பக்க ஐபின்னு ஒண்ணு காட்டுமே, அது எதுல ஆரம்பிக்குது?” கைப்பேசியில் ரௌட்டரின் செயலியைத் திறந்து காட்டினேன். 100.72 என்று தொடங்கியது. “அண்ணே, இது என்ன?” என்றேன். “இது உங்க வீட்டு முகவரி இல்ல தம்பி. பல வீட்டுக்குச் சேர்த்து ஒரே வாசல் வச்சிருக்காங்க. நீங்க உங்க கதவைத் திறந்து வச்சு என்ன பிரயோஜனம், வெளிவாசல் பூட்டியிருக்குல்ல.”

சிஜிநாட் என்று இதற்குப் பெயர். ஐபிவி4 முகவரிகள் தீர்ந்துபோனதால் 2012-இல் 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையை இதற்கென்றே ஒதுக்கினார்கள். உங்கள் ரௌட்டர் காட்டும் வெளி முகவரி இந்த வரிசையில் இருந்தால், எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து ஒன்றும் வராது. எதையும் தொடங்கும் முன் பார்க்க வேண்டிய முதல் விஷயம் இது!

மறுபடி அழைத்தேன். இந்தத் தடவை விபிஎன் என்று வாயே திறக்கவில்லை. “என் இணைப்பு சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறது, எனக்குப் பொது ஐபிவி4 முகவரி வேண்டும்” என்று மட்டும் சொன்னேன். எடுத்த பெண்மணிக்கு உடனே புரிந்தது. மாற்றிவிடுகிறேன், ரௌட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்றார், கட்டணமும் கேட்கவில்லை. கதவுக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கும் பெட்டியை அணைத்துப் போட்டேன். முனையத்தில் ‘டபிள்யூஜி ஷோ’ கட்டளையை அடித்தால் அதுவரை இல்லாத ஒரு வரி: லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக் (இரண்டு கணினியும் சாவி சரிபார்த்துக் கைகுலுக்கியது), 4 விநாடிக்கு முன்பு. கத்தியே விட்டேன்.

வயர்கார்டில் நம்ப வேண்டியது அந்த ஒரு வரியைத்தான். ஓடுகிறது என்று அது காட்டுவதற்கு அர்த்தமே இல்லை. போக்குவரத்து இருக்கும்போது ஹேண்ட்ஷேக் ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். அந்த வரியே வரவில்லையா, சிக்கல் போர்ட்டிலோ முகவரியிலோ சாவியிலோ இருக்கிறது. வந்தும் பக்கங்கள் திறக்கவில்லையா, மேசைக் கணினிக்குள் பாருங்கள்.

எனக்கு அடுத்து வந்தது அந்த இரண்டாவது வகை. வந்த பொட்டலங்களை மேலே கடத்திவிடும் ஐபி ஃபார்வர்டிங்கை இயக்கியாயிற்று, அவற்றை மேசைக் கணினியின் முகவரியில் வெளியே அனுப்பும் நாட் விதியும் போட்டாயிற்று, ஆனாலும் வெளியே போகவில்லை. வழிகாட்டியில் விதியை ‘ஈத்0’ என்ற இடைமுகத்துக்கு (கணினியின் இணைய இணைப்புக்கு லினக்ஸ் வைக்கும் பெயர்) எழுதியிருந்தார்கள். இப்போதைய உபுண்டுவில் பெரும்பாலான கணினிகளில் அந்தப் பெயரே கிடையாது, என் கணினியில் ‘இஎன்பி3எஸ்0’. இல்லாத இடைமுகத்துக்கு விதி போட்டாலும் விதிகளைக் கையாளும் ஐபிடேபிள்ஸ் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்ளும். ‘ஐபி ரூட்’ கட்டளையில் ‘டிஃபால்ட்’ என்று தொடங்கும் வரியில் இருக்கும் பெயரைப் பார்த்து அதைப் போடுங்கள்.

லினக்ஸ் மடிக்கணினியில் ‘ரிசால்வ்கான்ஃப் இல்லை’ என்று பிழை வந்தால் பயப்பட வேண்டாம், ‘ஓப்பன்ரிசால்வ்’ பொதியை நிறுவினால் போய்விடும். சின்னப் பக்கங்கள் திறந்து பெரிய பக்கங்கள் பாதியில் நின்றால் எம்டியு (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு) என்பதை 1420-லிருந்து 1280-க்கு இறக்கிப் பாருங்கள். மேசைக் கணினி தானாக உறங்கப் போவதை நிறுத்திவிடுங்கள், ரௌட்டரில் அதற்கு நிலையான உள்முகவரி கொடுங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் போர்ட் வேறு ஏதோ சாதனத்துக்குப் போய்க்கொண்டிருக்கும்.

இத்தனைக்கும் பிறகு, ஒரு சனிக்கிழமை பொது வைஃபை இருக்கும் இடம் ஒன்றுக்கு எம்ஆர்டி ஏறிப் போய் உட்கார்ந்தால், மறுபடி பெற்றது பூஜ்யம். கைப்பேசி டேட்டாவுக்கு மாற்றினால் வேலை செய்கிறது. அந்த வைஃபையில் பழக்கமில்லாத யுடிபி போர்ட்களை அடைத்து வைத்திருக்கிறார்கள், வயர்கார்டுக்கோ யுடிபியைத் தவிர வேறு வழி தெரியாது. வெறுங்கையோடு திரும்பினேன். வீட்டுக்கு வந்து ரௌட்டரில் இன்னொரு விதி சேர்த்தேன்: வெளியே யுடிபி 443-இல் வருவதை உள்ளே 51820-க்கு அனுப்பு. மேசைக் கணினியில் எதையும் மாற்றவில்லை, மடிக்கணினியின் அமைப்புக் கோப்பில் வீட்டு முகவரியும் போர்ட்டும் இருக்கும் எண்ட்பாயிண்ட் வரியில் மட்டும் 443. அடுத்த வாரம் அதே இடத்தில் அதே மேசையில் தடையில்லாமல் ஓடியது. இணையதளங்களின் புதிய நெறிமுறையும் அதே போர்ட்டில் ஓடுவதால் அதைப் பெரும்பாலும் அடைக்க மாட்டார்கள். 443-ஐயும் அடைத்திருக்கும் இடங்களில் டிசிபி என்ற இன்னொரு அனுப்பு முறையிலும் ஓடக்கூடிய ஓப்பன்விபிஎன் என்ற வேறொரு விபிஎன் கைகொடுக்கும், ஆனால் அதற்குச் சான்றிதழ் வேலை நிறைய.

இன்னொரு விஷயம். தங்கை தனக்கும் வேண்டும் என்று தன் கைப்பேசியில் என் அமைப்புக் கோப்பையே போட்டுக்கொண்டாள். அன்று சாயங்காலம் முழுவதும் இருவருக்கும் இணைப்பு விட்டு விட்டு வந்தது. ஒரே சாவியோடு இரண்டு சாதனம் பேசினால், கடைசியாகப் பேசியது எதுவோ அதற்கே சர்வர் பதிலை அனுப்பும், மற்றது அறுந்துபோகும். ஒவ்வொரு சாதனத்துக்கும் தனிச் சாவி, தனி முகவரி கொடுங்கள். கைப்பேசி தொலைந்துபோனாலும் அந்த ஒரு பகுதியை மட்டும் சர்வர் கோப்பிலிருந்து நீக்கி மறுபடி இயக்கினால் போதும், மற்றவர்களுடையதைத் தொட வேண்டியதில்லை.