அரிப்பு: அல்லிராணியும் ஆளுநரும் ஓட்டோக்காரரும்

மன்னார்க் கரையில் இருக்கும் அரிப்பு என்ற ஊருக்குப் போகும் வழி, செலவு, பார்க்க வேண்டியவை என்று ஒழுங்காக எழுதத்தான் நினைத்தேன். ஆனால் அந்த ஓட்டோக் காசு இன்னும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. பக்கத்து ஊரான சிலாவத்துறையில் ஒரு விலை பேசி ஏறினோம். திரும்பி வந்து இறங்கினால் இரண்டு மடங்கு கேட்கிறார். "தம்பி, நிண்டதுக்கும் சேர்த்துத்தான்." ஆறுதலாகப் பார்த்துவிட்டு வாங்கோ என்று சொன்னதே அவர்தான்! மத்தியானச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த காசு அதோடு போயிற்று.

சரி, கட்டடத்துக்கு வருவோம். ஊரார் இதை, பழங்கதையில் வரும் அரசியின் பெயரால், அல்லிராணி கோட்டை என்பார்கள். உண்மையில் இது இலங்கையில் பிரித்தானியரின் முதல் ஆளுநர் பிரெடரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் டொரிக் என்னும் பழைய கிரேக்கத் தூண் பாணியில் கட்டிய மாளிகை. முத்துக்குளிப்பை மேற்பார்வை பார்க்க வந்து தங்குவதற்கான வீடு. மேல்மாடத்தில் நின்றால் கடலில் படகுகள் தெரியுமாம்; வருமானம் அங்கேதானே இருந்தது. அல்லிராணி கதையிலும் முத்து வருவதால் ஊர்ச்சனம் சொல்வதை அப்படியே தள்ளிவிடவும் மனம் வரவில்லை.

கிரேக்கத் தூண் என்றதும் பளிங்கை நினைக்காதீர்கள். எல்லாம் செங்கல். மேலே சிப்பிச் சுண்ணாம்பைப் பூசிப் பளிங்கு மாதிரி மினுக்கியிருக்கிறார்கள். முத்தெடுத்த கரையில் சிப்பிக்கா பஞ்சம்? பூச்சு கழன்ற இடத்தில் கிட்டப் போய்ப் பார்த்தேன். உப்புக் காற்று செங்கலைத் தின்று குழியாக்கிவிட்டது. சுற்றியிருந்த சாந்து மட்டும் வயல் வரம்பு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கிறது. விரல் வைத்தால் செங்கல் தூளாக உதிர்கிறது, சாந்து அசையவில்லை. சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே அடைத்து வைக்காது, வெளியே விட்டுவிடும். கடற்கரைக்கு அதுதான் சரி. சீமெந்து பூசியிருந்தால் உப்பும் ஈரமும் உள்ளே சிக்கிக் கல்லை இன்னும் கெதியாக அரித்திருக்கும்.

சுவரின் தடிப்பைப் பார்க்க வேணும்! பகல் வெக்கை உள்ளே வந்து சேருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கூரையே இல்லாத இந்த இடிபாட்டில்கூட சுவர் நிழலில் நின்றபோது உடம்பு ஆறியது. போருக்குப் பிறகு வன்னி முழுக்க எழும்பிய சீமெந்துக்கல் வீடுகளுக்குள் மத்தியானம் படுத்துப் பாருங்கள், வித்தியாசம் விளங்கும். தகரம் போட்டதென்றால் சொல்லவே வேண்டாம். மண் சுவர், கிடுகுக் கூரை, பதிந்த தாழ்வாரம் என்று எங்கள் அம்மம்மா வீடு இருந்தது. வெயிலோடு எப்படி இருப்பதென்று அதைக் கட்டியவர்களுக்கும் தெரிந்திருந்தது. வீட்டுத்திட்டக்காரர் யாரும் அவர்களைக் கேட்டதாகத் தெரியவில்லை.

கடல் கரையை அரித்துக்கொண்டே வருகிறது. ஒரு பகுதி ஏற்கெனவே விழுந்துவிட்டது. பார்க்க விரும்புகிறவர்கள் ஆறப்போடாதீர்கள்.

பக்கத்தில் பழைய கோட்டையும் இருக்கிறது. கண்டியில் பத்தொன்பது வருடத்துக்கு மேல் சிறையிருந்த ஆங்கிலேயக் கடலோடி ரொபேர்ட் நொக்ஸ் 1679இல் தப்பி வந்து சேர்ந்த இடம். அருவியாற்றை ஒட்டிய காட்டுவழியாக நடந்தே வந்தார் மனுஷன், ஓட்டோக்காரரிடம் அகப்படவில்லை.

செலவுக் கணக்கு: பஸ் மலிவு. ஓட்டோவுக்கு நிற்கும் நேரத்தையும் சேர்த்தே விலை பேசுங்கள். சாப்பாட்டுக்கு மிஞ்சிய காசில் இரண்டு ரொட்டியும் கட்டைச் சம்பலும் தேத்தண்ணியும்தான் கிடைத்தன. சம்பல் அருமை, இன்னொரு தரம் கேட்டு வாங்கினேன்.