பென்னாகரம் குடோனும் ஒரு விர்ச்சுவல் லிங்க்கும்

போன சித்திரைல எங்க மாங்கூழ் கம்பெனி பென்னாகரம் பக்கம் மூணு குடோன் வாங்குச்சு, முதலாளிக்கு சந்தோசம், நெட்வொர்க் பாக்குற எனக்கு தலைவலி. ரவுட்டருங்க ஒண்ணுக்கொண்ணு வழி சொல்லிக்கற முறை ஓஎஸ்பிஎஃப், அது நெட்வொர்க்க ஏரியா ஏரியாவா பிரிச்சு வெக்கும், நடு ஏரியா 0. கிருஷ்ணகிரி ஹெட் ஆபீஸ் அதுல ஏரியா 0, தர்மபுரி ஏரியா 1. குடோன் மூணும் பழைய ஓனர் காலத்துலயே ஏரியா 2, லைன் வேற தர்மபுரி வரைக்கும்தான் கிடைச்சுது. நம்ம ஊர் பஸ் கணக்குதான், பென்னாகரம் போகணும்னா தர்மபுரில எறங்கி மாறணும். சரி கோத்து விட்டா ஓடிரும்னு நெனச்சேன்.

ஓடல. தர்மபுரி ரவுட்டர்ல பாத்தா ரெண்டு பக்கமும் நெய்பர் ஃபுல், அதாவது பக்கத்து ரவுட்டரோட உறவு முழுசா இருக்கு, ரெண்டு பக்கமும் பிங் போகுது, ஆனா பென்னாகரத்துல கிருஷ்ணகிரி ரூட் ஒண்ணு கூட இல்ல. அரை நாள் லைன்காரன திட்டுனப்புறம்தான் உறைச்சுது. ஒரு ஏரியாக்குள்ள எல்லா ரவுட்டர்கிட்டயும் முழு மேப் இருக்கும், வெளி ஏரியா பத்தி மட்டும் ஏரியா 0லயும் இன்னொரு ஏரியாலயும் கால் வெச்சிருக்கற பார்டர் ரவுட்டர் சொல்றத நம்பித்தான் ஆகணும், கேட்டத ஆளாளுக்கு திருப்பி சொல்ல விட்டா லூப் ஆயிரும்னு எல்லாத்தையும் ஏரியா 0 வழியா வர சொல்லி வெச்சிருக்காங்க. எங்க தர்மபுரி சிஸ்கோ பெட்டிக்கு 1லயும் 2லயும் கால் இருக்கு, 0ல இல்ல, அப்ப அது பார்டர் ரவுட்டர் கணக்குலயே வராது.

இதுக்குத்தான் விர்ச்சுவல் லிங்க், ஓஎஸ்பிஎஃப் விதியெல்லாம் எழுதி 1998ல வந்த ஆர்எஃப்சி 2328லயே இருக்கு. நடுவுல இருக்குற ஏரியா 1 வழியா ரெண்டு ரவுட்டருக்கும் ஏரியா 0 உறவு வெச்சு விடறது. கிருஷ்ணகிரில 'ஏரியா 1 விர்ச்சுவல்-லிங்க் 2.2.2.2', தர்மபுரில அதே வரி 1.1.1.1 போட்டு, அவ்ளோதான். நம்பர் தாண்டி போற ஏரியாவோடது, 2 இல்ல. தாண்டி போற அந்த ஏரியா ஸ்டப்பா, அதாவது ஓஎஸ்பிஎஃப்புக்கு வெளில இருந்து வர்ற ரூட்ட உள்ள விடாத ஏரியாவா, இருந்தா வேலைக்காகாது. ஏரியா 0ல பாஸ்வேர்ட் வெச்சிருந்தா தர்மபுரிலயும் வெக்கணும், ஏன்னா அந்த லிங்க்கு 0க்கு சொந்தம்.

மூணு வாரம் நல்லா ஓடுச்சு. சீசன் உச்சத்துல, லாரி வரிசை ரோடு வரைக்கும் நிக்குறப்ப, குடோன் தம்பி போன் பண்ணான், "அண்ணா, பில்லு போட்டா சுத்திட்டே இருக்குதுண்ணா". பாத்தா மொத நாள் இருந்த அதே நெலம, நெய்பர் ஃபுல், ரூட் இல்ல. விர்ச்சுவல் லிங்க் டவுன்.

தப்பு என்னுது. அந்த 2.2.2.2ங்கற எடத்துல அது கேக்குறது ஐபி அட்ரஸ் இல்ல, ரவுட்டர் ஐடி, அதாவது ஓஎஸ்பிஎஃப்ல ரவுட்டரோட பேரு. நான் ஐடிய கையால போடல, தர்மபுரில இருந்த லூப்பேக்ல (ரவுட்டருக்குள்ளயே இருக்கற கற்பனை போர்ட்) இருந்து அதுவா எடுத்துக்கிச்சு. நடுவுல மானிட்டரிங்குக்குன்னு 10.255.0.2னு இன்னொரு லூப்பேக் போட்டேன், அப்ப ஒண்ணும் ஆகல, ஓடிட்டு இருக்குறப்ப ஐடி மாறாது. அன்னைக்கு கரண்ட் போய் யூபிஎஸ்சும் கைவிட்டு ரவுட்டர் மறுபடி எந்திரிச்சப்ப இருக்குறதுலயே பெரிய நம்பர் லூப்பேக்க எடுத்து புதுப்பேரு வெச்சுக்கிச்சு. கிருஷ்ணகிரி பாவம் இல்லாத 2.2.2.2வ தேடிட்டே கெடக்குது. ரெண்டு பக்கமும் 'ரவுட்டர்-ஐடி'ன்னு ஒரு வரி போட்டு ப்ராசஸ கிளியர் பண்ணேன், ஒரு நிமிசத்துல பில்லு போச்சு.

ஆடி வந்ததும் குடோன் மூணையும் ஏரியா 1க்கே மாத்திடலாம், இந்த ஒட்டு வேலையே வேணாம்னு முதலாளிகிட்ட சொன்னேன். "இப்ப ஓடுதுல்ல?"ன்னாரு.